வட அமெரிக்காவின் நடு எந்த ஊர்? வடக்கு டகோட்டாவில் மூன்று கட்சி

நெட்டாங்கு:
வட அமெரிக்காவின் நடு இதுதான் என்று ரக்பி ஊரில் நட்டிருக்கும் கல்தூண் முன்னால் படம் எடுங்கள், தப்பில்லை. கண்டத்தின் நடுப்புள்ளியை மிதித்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். 1928-இல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் எட்வர்ட் டக்ளஸ் குறித்த இடம் பால்டா என்ற சிற்றூருக்கு மேற்கே 6 மைல்: 48°10′ வடக்கு, 100°10′ மேற்கு. ரக்பியிலிருந்து நேர்கோட்டிலேயே சுமார் 25 கி.மீ. போதாக்குறைக்கு, 1971-இல் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது தூணையும் பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள். ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு துல்லியப் புள்ளி தேடுவதும் வீண். டக்ளஸ் தந்த எண் பாகையும் நிமிடமும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வரைதான் இருக்கிறது. தெற்கு வடக்கில் ஒரு நிமிடமே 1.85 கி.மீ.

தூக்குக்குண்டு:
டக்ளஸ் செய்தது அட்டை வித்தை. வரைபடத்தை அட்டையில் வெட்டி, ஊசிமுனையில் சாயாமல் நிற்கும் இடம் பார்ப்பது. வீட்டில் செய்ய, ஊசிமுனையைவிடத் தூக்குநூல் சுலபம்.

பரப்பு மாறாத வரைபடமாக எடுங்கள். மெர்கேட்டர் என்ற வழக்கமான உலக வரைபடத்தில் வடபகுதி ஊதிக் கிடப்பதால் நடுவும் வடக்கே ஓடிவிடும். தடித்த அட்டையில் பசையைச் சீராகத் தடவி ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் வெட்டுங்கள். ஈரம் இருந்தால் அட்டை வளையும். ஓரத்தில் துளையிட்டு ஊசியில் மாட்டி, அதே ஊசியில் குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு, நூல் போகும் வழியில் கோடு போடுங்கள். துளை இறுக்கமாக இருந்தால் அட்டை பாதியில் சிக்கி நிற்கும், கோடு பொய் சொல்லும். வேறு இரண்டு துளைகளிலும் இதையே செய்தால் மூன்று கோடுகளும் ஒரு சின்ன முக்கோணத்துக்குள் வெட்டிக்கொள்ளும். நடு அங்கேதான்.

பனாமா முதல் கிரீன்லாந்தின் வடமுனை வரை 60 செ.மீ. உயர அட்டை என்றால் 1 மி.மீ. ஏறக்குறைய 14 கி.மீ. இரண்டு மி.மீ. பிசகினால் ரக்பியும் பால்டாவும் ஒன்றுதான்!

தீவுகள்தான் பெரிய தலைவலி. வெட்டி எறிந்தால் வடக்கு இளைக்கும். இடையிலுள்ள கடலோடு விட்டுவைத்தால் கடலும் எடையில் சேரும். எதைச் செய்தீர்கள் என்று சொல்லாமல் விடையை மட்டும் சொன்னால் மதிப்பில்லை.

சிறுபுள்ளி:
நடு நாங்கள்தான் என்ற ராபின்சன் ஊரை விட்டுவிட்டீர்களே. ‘வட அமெரிக்காவின் நடு’ என்ற பெயருக்கு ரக்பி வைத்திருந்த வணிகமுத்திரை 2009-இல் காலாவதியானது. 2016-இல் ராபின்சனில் உள்ள ஹேன்சன்ஸ் பார் அதைத் தன் பெயரில் பதிந்துகொண்டது. அளவையில் வெல்லாவிட்டாலும் பதிவேட்டில் வென்றார்கள். பிறகு ரக்பி மீட்டுக்கொண்டது.

கணக்காகச் செய்தவர் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ரோஜர்சன். அட்டை தட்டை, பூமி உருண்டை. அதனால் நிலப்பரப்பின் எல்லாப் புள்ளிகளுக்கும் உருண்டைமேல் உள்ள தூரத்தின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும் இடத்தைத் தேடினார். அது விழுந்தது சென்டர் என்ற ஊரை ஒட்டி, ரக்பியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 170 கி.மீ. தள்ளி. ஊருக்கு அந்தப் பெயர் வந்தது கண்டத்தால் அல்ல, ஆலிவர் மாவட்டத்தின் நடுவில் இருப்பதால்.