டெர்மடோம் படம்: காலுக்கு எதை நம்புவது?

வணக்கம். பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எந்தத் தண்டுவட நரம்பு வேர் தோலின் எந்தப் பகுதிக்கு (அதுதான் டெர்மடோம்) உணர்ச்சி தருகிறது என்பதைத் தம்பியின் உடம்பிலேயே ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து பழகுகிறேன். வேர்களின் பெயரில் சி என்றால் கழுத்து, டி மார்பு, எல் இடுப்பு, எஸ் அதற்கும் கீழே; எண் அந்தப் பகுதியில் அது எத்தனையாவது வேர் என்பது. (கூலி: இரண்டு பரோட்டா.)

மார்பிலும் வயிற்றிலும் சிக்கலே இல்லை. மார்க்காம்பு டி4, தொப்புள் டி10 என்று வளையம் வளையமாக இறங்கிவிடலாம். கையிலும் கட்டைவிரல் சி6, நடுவிரல் சி7, சுண்டுவிரல் சி8 என்று ஒப்பேற்றிவிட்டேன். காலில்தான் மாட்டிக்கொண்டேன்.

கீகன், காரெட் என்ற இரு ஆய்வாளர்கள் 1948இல் தந்த படத்தில் பட்டைகள் முதுகிலிருந்து பாதம்வரை அறுபடாமல் ஓடுகின்றன. 1933இல் வந்த, நரம்பியல் மருத்துவர் ஃபோர்ஸ்டரின் படம் அப்படியில்லை. அவர் ஒரு வேரை விட்டுவைத்து, மேலும் கீழும் உள்ள வேர்களை வெட்டியபின் எஞ்சிய உணர்ச்சியைக் குறித்தார். கீகனும் காரெட்டுமோ ஒரு வேர் நசுங்கியவர்களுக்கு எங்கே உணர்ச்சி மங்கியது என்று பார்த்தார்கள். பக்கத்து வேர்களின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்போது இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

தினமும் நோயாளிகளைப் பார்ப்பவர்கள் சொல்லுங்கள். எல்5க்குப் பாதத்தின் மேற்புறத்தையும், எஸ்1க்குக் குதிகாலின் வெளிப்பக்கத்தையும் பஞ்சாலும் குண்டூசியாலும் தொட்டுப் பார்க்கிறேன். இது போதுமா? தொடையில் எல்2, எல்3 எல்லையை எப்படிப் பிரிக்கிறீர்கள்? இன்னொன்று: ‘மரத்துப்போகிறது’, ‘எறும்பு ஊர்கிறது’ தவிர உங்கள் ஊரில் நோயாளிகள் வேறு என்ன சொல்கிறார்கள்? வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. தம்பியின் இடதுகால் இன்னும் வெறுமையாக இருக்கிறது.