ஆங்கிலத்தில் கமா: கண்ணில் பட்ட பிழைகளைப் பகிருங்கள்

கல்லூரி ஆங்கில ஆசிரியர்
விடைத்தாள்களில் ஓயாமல் எதிர்ப்படுவது, இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டுவது. 'தி பஸ் வாஸ் லேட், வி மிஸ்ட் தி டிரெயின்.' கமாவை விரலால் மறைத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் படியுங்கள். இரண்டும் தனியே நிற்கின்றன என்றால் அங்கே கமா மட்டும் போதாது. முற்றுப்புள்ளி வையுங்கள், இல்லையேல் அரைப்புள்ளி (;). கமாவே வேண்டுமென்றால் அதற்குப் பின் 'அண்ட்', 'பட்', 'ஸோ' ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். 'ஹவெவர்' இந்தக் கூட்டத்தில் சேராது. அதற்கு முன்னால் அரைப்புள்ளி, பின்னால் கமா: 'இட் ரெய்ன்ட்; ஹவெவர், தி மேட்ச் வென்ட் ஆன்.'

இதைக் கற்ற பிள்ளைகள் அடுத்து 'அண்ட்' வரும் இடமெல்லாம் கமா போட ஆரம்பிப்பார்கள். 'ஹி ஓபன்ட் தி டோர் அண்ட் வாக்ட் அவுட்' என்பதில் எழுவாய் ஒன்றுதான், கமா வேண்டாம்.

பதிப்பகப் பிழைதிருத்துநர்
ஐயா சொன்னதற்கு அடுத்தபடி நான் அதிகம் நீக்குவது, எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே விழும் ஒற்றைக் கமா. 'தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ கேம் லேட், வேர் நாட் அலவ்ட்.' தமிழில் எழுவாய் நீண்டால் ஒரு கமா இட்டு நிறுத்துவோம், கை அப்படியே பழகிவிட்டது. ஆங்கிலத்தில் எழுவாய் எத்தனை நீளமானாலும் அங்கே ஒற்றைக் கமா நிற்காது.

இரட்டைக் கமா நிற்கும், ஆனால் பொருளை மாற்றிவிடும். 'தி ஸ்டூடன்ட்ஸ், ஹூ கேம் லேட், வேர் நாட் அலவ்ட்' என்றால் மாணவர் அத்தனை பேரும் தாமதம், ஒருவரையும் உள்ளே விடவில்லை. கமா இல்லாவிட்டால் தாமதமாக வந்தவர்களை மட்டும் விடவில்லை. 'மதுரையில் இருக்கும் என் தம்பி' என்று நாம் சொல்லும்போது தம்பி ஒருவரா பலரா என்று தெரிவதில்லை. ஆங்கிலத்தில் 'மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை,' என்று எழுதினால் உடன்பிறந்த ஆண் ஒருவரே என்றாகிவிடும். அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் படியுங்கள். யாரைச் சொல்கிறோம் என்பது அப்போதும் தெரிந்தால் இரண்டு கமா. தெரியாவிட்டால் ஒன்றுகூட வேண்டாம். ஒன்றை மட்டும் போட்டு மற்றதை மறப்பதுதான் அச்சில் மிகுதியாகத் தப்பிவிடுகிறது.

ஒப்பந்தம் வரைபவர்
பட்டியலில் கடைசி 'அண்ட்', 'ஆர்' முன்னால் கமா வேண்டுமா என்பதை வெறும் ரசனைப் பிரச்சினையாக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மிகைநேர ஊதியம் பெறாத வேலைகளின் பட்டியல் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடிந்தது. 'ஷிப்மென்ட்' பின்னால் கமா இல்லை. விலக்கு பெறுவது பொட்டலம் கட்டுவது மட்டுமா, விநியோகம் தனி வேலையா? ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவன ஓட்டுநர்கள் விநியோகம் செய்தார்கள், பொட்டலம் கட்டவில்லை. வாசகம் இரு பொருள்படுவதால் தொழிலாளருக்குச் சாதகமாகவே கொள்ள வேண்டும் என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்கு முன்பே, தீர்ப்பு வந்த பின், அந்த வாசகத்தில் அரைப்புள்ளிகளைப் போட்டுத் திருத்திவிட்டார்கள்.

செய்தித்தாள்கள் பல இந்தக் கமாவை விட்டுவிடுகின்றன. அது அவர்கள் நடை. ஒப்பந்தத்தில் விடாதீர்கள்.

அலுவலகக் கடிதப் பயிற்றுநர்
சின்னச் சின்னவை சில. விளிக்கும் பெயருக்கு முன் கமா உண்டு: 'தேங்க் யூ, சார்.' 'பட்' என்று வாக்கியம் தொடங்கினால் அதை ஒட்டிக் கமா வேண்டாம். 'ஹி செட் தட்' பின்னாலும் வேண்டாம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு 1,00,000 என்று எழுதாமல் 100,000 என்றே எழுதுங்கள்.

புதிய உறுப்பினர்
'பிகாஸ்' முன்னால் கமா வருமா, சார்?

கல்லூரி ஆங்கில ஆசிரியர்
பெரும்பாலும் வராது தம்பி. 'பிகாஸ்', 'இஃப்', 'வென்' துண்டு முதலில் வந்தால் அது முடியும் இடத்தில் கமா போடுங்கள். பின்னால் வந்தால் விட்டுவிடலாம். முன்னால் 'நாட்' இருந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். 'ஹி டிட் நாட் லீவ் பிகாஸ் ஹி வாஸ் ஆங்க்ரி' என்பதற்கு, கோபத்தால் போகாமல் இருந்தார் என்றும் பொருள், போனார் ஆனால் காரணம் கோபமல்ல என்றும் பொருள். 'லீவ்' பின்னால் கமா போட்டால் முதல் பொருள் மட்டுமே. இரண்டாவதைச் சொல்ல வேண்டுமென்றால் வாக்கியத்தையே மாற்றி எழுதுங்கள்.