தண்ணிக்கு அடியில நீங்க பயந்த ஒரு நிமிஷம்: டெல்டாக்காரங்க சொல்லுங்க

தரங்கை_அலை:
ரெண்டு வருஷமா யார்கிட்டயும் முழுசா சொல்லாதது, அதான் இங்க எழுதுறேன். பாண்டிச்சேரில ஸ்கூபா கத்துக்கிற முதல் படி, ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்சு பத்து டைவுக்கு மேல போட்டாச்சு, எங்க ஊர் கடல்லயும் ஒரு தடவ இறங்கிப் பாத்துடணும்னு ஆசை. பொங்கல் முடிஞ்ச வாரம், தெரிஞ்சவர் ஃபைபர் போட்ல நானும் ஃப்ரெண்டும் கிளம்பினோம். மேல தண்ணி சுமாராத்தான் இருந்துச்சு, 9 மீட்டர் தாண்டினதும் டீக்கடையில கிளாஸ் கழுவுற தண்ணி மாதிரி ஒரே கலங்கல். ஃப்ரெண்டு கால்ல மாட்டியிருந்த ஃபின் முன்னாடி தெரிஞ்சுச்சு, அடுத்த செகண்ட் இல்ல. மாஸ்க்ல ஒட்டி வச்சாத்தான் ஆழம் காட்டுற கேஜே தெரியுது.

சரி ஒரு நிமிஷம் தேடிட்டு மேல போயிடுவோம், சொல்லிக் குடுத்தது அதானேன்னு காலை அடிச்சேன். காது வலிக்குது. மேல போனா காது வலி குறையணுமே, இது ஏறுது. அப்பதான் கவனிச்சேன், மாஸ்க்ல எப்பவும் கொஞ்சம் தண்ணி இறங்கி மூக்குகிட்ட நிக்கும்ல, அது அன்னைக்கு புருவத்துல நிக்குது. புருவத்துல ஏன் தண்ணி நிக்குதுன்னு யோசிக்கிறேன், யோசிக்கிறேன், மண்டைல ஏறவே இல்ல, யோசிச்சுக்கிட்டே காலையும் அடிச்சுக்கிட்டு இருக்கேன். கை பொதக்குனு சேத்துல இறங்குச்சு. மேல போறேன்னு நெனச்சு தலைகீழா தரைய பாத்து நீந்தியிருக்கேன்!

ஃப்ரெண்டு முதுகுல இருக்குற காத்து டேங்கை தட்டுற சத்தம் டங் டங்னு கேக்குது, ஆனா எந்தப் பக்கம்னு தெரியல, தண்ணிக்குள்ள சத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் வரும். அப்புறம் மிதக்க வைக்கிற ஜாக்கெட்டுக்கு கொஞ்சம் காத்து விட்டு, அது இழுத்த பக்கமே போயி ஏறினேன். இப்பவும் குளிக்கிறப்ப புருவத்துல சொட்டு நின்னா ஒரு நொடி அப்படியே நின்னுடுறேன்.

பூம்புகார்_வாடை:
தம்பி கோச்சுக்காதீங்க, தை மாசம் அந்தக் கடல்ல யாரு இறங்கச் சொன்னா? ஐப்பசி கார்த்திகை மழைத்தண்ணி எல்லாம் முகத்துவாரம் வழியா வந்து கடல்ல கலக்குற நேரம், அந்தக் கலங்கல் லேசுல தெளியாது. எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும்.

என் கதை சின்னதுதான். போட் ப்ரொப்பல்லர்ல வலை சுத்திக்கிச்சு, அப்பா கத்தியக் குடுத்து இறங்குடான்னாரு. டேங்க் கிடையாது, கண்ணாடி மட்டும். அறுத்துக்கிட்டு இருக்கேன், அலையில போட் ஒரு ஆள் உயரம் தூக்கி தொம்முனு இறங்குது, தலைக்கும் அடிப்பலகைக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கும். மூணாவது தடவை இறங்கும்போது அறுத்த வலை என் மணிக்கட்டுலயே சுத்திக்கிச்சு. போட் தூக்கினா நானும் தொங்குறேன், இறங்கினா நானும் இறங்குறேன். கத்தி இன்னொரு கையிலதான இருக்கு, அது எனக்கு ஞாபகமே வரல.

ஆழி23:
பூம்புகார்னு சொன்னதால கேக்குறேன், நான் அங்க ஒரு டைவ்ல கீழ நேர்கோட்டுல சுவர் மாதிரி ஒண்ணு பாத்தேன், உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. 1991ல தேசிய கடலியல் நிறுவனம் 23 மீட்டர் ஆழத்துல குதிரை லாடம் மாதிரி ஒரு அமைப்பு கண்டுபிடிச்சாங்களே, அதுவா இருக்குமோ?

பூம்புகார்_வாடை:
அது கரையிலேர்ந்து 5 கிலோமீட்டர். நீங்க எவ்வளவு தூரம் போனீங்க? கடலுக்கு அடியில இருக்குற பாறைத்திட்ட நாங்க பாருன்னு சொல்வோம், அதுவும் நேர்கோட்டுல கிடக்கும் சார், நாங்க தலைமுறையா வலை கிழிச்சுக்கிட்ட பாரு அது. பாத்ததெல்லாம் பழைய ஊருன்னு சொல்லாதீங்க.

கொள்ளிடக்கரை:
எனக்கு ஸ்கூபா எல்லாம் தெரியாது. மூச்சைப் புடிச்சு முங்குறதுதான். ஆத்துல யாராவது போயிட்டா எனக்கு போன் வரும், நானும் இன்னும் மூணு பேரும் போவோம். தீயணைப்பு வண்டி வந்து சேர்றதுக்குள்ள நாங்க ரெண்டு தடவை முங்கியிருப்போம்.

கொள்ளிடத்துல மணல் அள்ளின குழி இருக்கே, அது மேலேர்ந்து பாத்தா தெரியாது. முட்டி ஆழத்துல நடந்துக்கிட்டே இருப்பீங்க, அடுத்த அடி ரெண்டு ஆள் ஆழம். ஓரத்துல கால் வச்சா மணல் சரியும், ஏற ஏற சரியும். இடுப்புக்கு மேல வெதுவெதுன்னு, கீழ ஐஸ் மாதிரி. அந்தச் சில்லுதான் மடுவுக்கு அடையாளம், எங்க தாத்தா சொன்னது.

ஒரு ஆடிப்பெருக்கு அன்னைக்கு, கண்ணத் தொறந்தாலும் மூடினாலும் ஒண்ணுதான், கையால தரையத் தடவிக்கிட்டே போறேன், விரல்ல கண்ணாடி வளையல் தட்டுச்சு. எண்ணிட்டேன், நாலு. வளையல்னா கை, கைன்னா ஆள், அது தெரிஞ்சும் புடிக்காம மேல வந்துட்டேன். கரையில அவங்க அம்மா. என் மொகத்தையே பாக்குறாங்க, ஒண்ணும் கேக்கல. நான் மூச்சு வாங்கிட்டு மறுபடி முங்கினேன்.

ஆழம்40:
எல்லாரும் மன்னிக்கணும், இங்க தப்பான விஷயம் பரவக்கூடாதுன்னு சொல்றேன். மூச்சைப் புடிச்சு முங்குறதும் ஸ்கூபாவும் ஒண்ணு இல்ல. டேங்க் காத்தை சுவாசிச்சுட்டு மூச்சை அடக்கிக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும், 10 மீட்டர்லேர்ந்து மேல வர்றதுக்குள்ள உள்ள இருக்குற காத்து ரெண்டு மடங்கு ஆயிடும், அதனால விட்டுக்கிட்டே வரணும். நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துக்கு மேல ஏறக்கூடாது. ஏறி வர்றப்ப 5 மீட்டர்ல 3 நிமிஷம் நிக்கணும். டேங்க்ல 50 பார் அழுத்தத்துக்கு காத்து மிச்சம் இருக்கும்போதே மேல வந்திருக்கணும். சளி இருந்தா இறங்கவே இறங்காதீங்க. தொடர்ந்து டைவ் போட்டிருந்தா 18 மணி நேரத்துக்கு ஃப்ளைட் ஏறக்கூடாது. திசை தெரியலன்னா குமிழியத் தொட்டுப் பாருங்க, அது எப்பவும் மேலதான் போகும். முக்கியமா தரங்கை தம்பி, கலங்கல்ல பார்ட்னர் கையப் புடிச்சுக்கிட்டுப் போகணும், இல்லன்னா நடுவுல ஒரு கயிறு, அதுகூட இல்லாம இறங்கினது உங்க தப்பு.

என் அனுபவம்: அந்தமான்ல ஒரு தடவை வாயில வச்சு மூச்சு வாங்குற ரெகுலேட்டர்ல தண்ணி வந்துச்சு, பயந்துட்டேன், ஸ்பேரை வாயில வச்சு ஏறிட்டேன்.

தரங்கை_அலை:
அண்ணே, குமிழி மேல போகும்னு எனக்கும் தெரியும், பரீட்சையில எழுதினேன். அங்க தோணல. அதைத்தான் சொல்ல வந்தேன்.

புதாத்துப்பாலம்:
எங்க தஞ்சாவூர் புது ஆத்தையும் சேத்துக்கோங்க. 1934ல வெட்டினது, கல்லணையில பிரிஞ்சு வருது, டவுனுக்குள்ள ரெண்டு பக்கமும் கான்கிரீட் சரிவு. காலேஜ் படிக்கிறப்ப குதிச்சேன், நீச்சல் தெரியும், தண்ணி இழுத்தாலும் பயம் இல்ல. கரைக்கு வந்தாச்சு, கையும் வச்சாச்சு, பாசி, வழுக்குது. கரை கையிலேயே இருக்கு, ஏற முடியல. நகத்தால பிராண்டிக்கிட்டே ஒரு பாலம் தாண்டிப் போனேன், மேல சைக்கிள்ல ஒருத்தர் கையாட்டுறாரு, விளையாடுறேன்னு நெனச்சிருக்காரு. அடுத்த படித்துறையில ஒரு அம்மா துணி தோச்சுக்கிட்டு இருந்தாங்க, நனைஞ்ச புடவைய வீசினாங்க. நகம் ரெண்டு பேந்துடுச்சு. அந்த அம்மா யாருன்னு கேக்காமயே வந்துட்டேன், அதுதான் இன்னும் உறுத்துது.

தரங்கை_அலை:
கொள்ளிடக்கரை அண்ணே, உங்க பதிவு படிச்சுட்டு நேத்து தூக்கம் வரல. அதுக்கப்புறமும் இறங்குறீங்களா?

கொள்ளிடக்கரை:
போன் வந்தா போறதுதான் தம்பி. போன ஆடியிலயும் போனேன். இப்ப மட்டும் முதல்ல காலை விட்டுத் தடவிப் பாக்குறேன், கைய அப்புறம்தான்.