கம்ப்யூட்டர் வந்தும் லெட்ஜர் போகாத உள்ளாட்சி அலுவலகங்கள்: வேலை தெரிந்தவர்களின் அனுபவப் பகிர்வு

வரிப்பிரிவு:
சொத்துவரிக்கு ஒரு பதிவேடு, குடிநீர் இணைப்புக்கு இன்னொன்று, இரண்டுக்கும் பொதுவான எண் கிடையாது. வீடு கைமாறினால் வரிப் பதிவில் பெயர் மாறும்; தண்ணீர்க் கணக்கு பழையவர் பெயரிலேயே நிற்கும். பாக்கி நோட்டீஸ் விற்றவருக்குப் போகும், குழாயைத் துண்டிப்பது வாங்கியவர் வீட்டில். பெயரை வைத்துப் பொருத்தப் பார்த்தால் இடியாப்பச் சிக்கல்தான். ‘மு.கண்ணன்’, ‘மு. கண்ணன்’, ‘கண்ணன் மு’ மூன்றும் கம்ப்யூட்டருக்கு மூன்று ஆட்கள். முதலில் கட்டடத்துக்கு ஒரே எண் கொடுங்கள், பெயரெல்லாம் அப்புறம்.

சர்வர் ரூம்:
சார், எழுத்துருவை விட்டுட்டீங்க. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பதிவு திரையில் தமிழாகத் தெரியும்; உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. இப்போதைய பொதுத் தரமான யூனிகோடில் தேடினால் சிக்காது. ‘பதிவே இல்லை’ என்று புதிதாக ஒன்று போடுவார்கள், ஒரே வீட்டுக்கு இரண்டு வரி விதிப்பு.

யூனிகோடுக்கு மாற்றும்போது முழுக் கோப்பையும் கன்வர்ட்டரில் தள்ளாதீர்கள். ஆங்கிலச் சின்ன எழுத்து ‘பி’ (b), பாமினியில் ‘டி’. கதவு எண் 12பி என்று ஆங்கிலத்தில் இருந்தது 12டி ஆகிவிடும். கன்னாபின்னாவென்று சிதைந்தால் கண்ணில் படும். 12டி சரியான கதவு எண் மாதிரியே இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பெயர், தெரு கட்டங்களை மட்டும் மாற்றுங்கள். முதலில் 200 பதிவு, அதைக் காகிதத்தோடு ஒப்பிட்ட பிறகு மீதி.

இன்னொன்று, பழைய எக்ஸெல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. 2020-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனா முடிவுகள் கணக்கில் விடுபட்டது இதனால்தான்.

பேக்கப்:
விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றது. பில் அடிக்கும் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும் என்றால், அந்த மெஷினை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். பேக்கப் டிஸ்க்கை அதிலேயே சொருகி வைப்பது வீண். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) இரண்டையும் சேர்த்துப் பூட்டும். 2019 மே மாதம் அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சி இதில் மாட்டிக்கொண்டபோது தண்ணீர் பில் மட்டுமல்ல, வீடு விற்பனையும் முடங்கியது.

வரிப்பிரிவு:
அதற்காக ஒரே ராத்திரியில் மாறுவதும் ஆகாது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகராட்சி 2022 ஏப்ரலில் ஆரக்கிள் நிறுவனத்தின் கணக்கு மென்பொருளுக்கு மாறியது. வங்கிக்கு வந்த பணத்தைக் கணக்கோடு பொருத்தும் பகுதியே வேலை செய்யவில்லை. என் கணக்கில், குறைந்தது இரண்டு பில் சுற்றாவது பழையதும் புதியதும் சேர்ந்து ஓடவேண்டும். தினமும் வசூல் தொகையைப் பைசா சுத்தமாக ஒப்பிடுங்கள்.