செக்லிஸ்ட் நிரம்பியிருக்கிறது, பிரசவ அறை மாறியதா?

கேள்வி:
மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். தர ஆய்வுக்கு வந்தவர்கள் பாதுகாப்பான பிரசவ செக்லிஸ்ட் முழுதாக நிரம்பியிருப்பதைப் பார்த்து நல்ல மதிப்பெண் போட்டார்கள். நைட் டூட்டியில் அதே தாள் குழந்தை பிறந்த பிறகு மொத்தமாக டிக் ஆவதும் உண்டு. முன்னேற்றம் நிஜமா என்று எதை வைத்துப் பார்ப்பது?

பதில் 1:
உத்தரப் பிரதேசத்தில் 120 நிலையங்களில் நடந்த பெட்டர்பர்த் ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. செக்லிஸ்ட்டோடு பயிற்சியாளரும் வந்த இடங்களில், 2 மாதத்தில் 73 சதவீதச் செயல்கள் சரியாக நடந்தன. மற்ற இடங்களில் 42. 12-ஆம் மாதத்தில் அந்த 73, 62 ஆக இறங்கிவிட்டது. தாய் அல்லது சேய் மரணமும் தாயின் கடும் பாதிப்பும் சேர்த்து இரு பக்கமும் 15 சதவீதம் சொச்சம்தான். எனவே விளைவையும் எண்ணுங்கள்.

பதில் 2:
பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கிலிருந்து தொடங்குங்கள். கண்ணால் மதிப்பிட்டால் குறைவாகத்தான் சொல்வோம். ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வில் தாயின் அடியில் ரத்தம் சேர அளவுக்கோடு போட்ட பையை வைத்து அளந்தார்கள். 500 மில்லியைத் தொட்டதும், அல்லது 300-லேயே வேறு அபாய அறிகுறி தெரிந்ததும், கருப்பை மசாஜ், கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின், ரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப், பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில். கடும் ரத்தப்போக்கு (1000 மில்லி அல்லது அதற்கு மேல்), அதற்கான வயிற்று அறுவை, மரணம் மூன்றும் சேர்த்து 1.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 4.3.

கேள்வி கேட்டவர்:
சரி, பை வைத்து அளந்தால் முதல் மாதமே எண்ணிக்கை ஏறுமே? மேலதிகாரி விளக்கம் கேட்பார்.

பதில் 2:
ஏறும். முன்பு தப்பியதெல்லாம் பதிவாகும். 500 தாண்டியவர்களையும் 1000 தாண்டியவர்களையும் தனித்தனியாக எழுதுங்கள். முதலாவது ஏறி இரண்டாவது இறங்கினால் அதைக் காட்டுங்கள்.