எஃப்ஜே40: அலைன்மென்ட் தாளில் கேஸ்டர் மைனஸில் வருகிறதே?

கேள்வி: என் எஃப்ஜே40 லேண்ட் க்ரூசரை நேற்று வீல் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினேன். கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு; தலை பின்னால் சாய்ந்தால் பிளஸ்) இடது -0.8°, வலது -0.5°. கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) இரண்டும் +1° பக்கம். மொத்த டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 0.20°. எண்பது கி.மீ. வேகத்தைத் தாண்டினால் வண்டி அலைகிறது. திருப்பம் முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேராகாது. டோவைக் கூட்டவா?

பதில் 1: டோவைத் தொடாதீர்கள். 780 மி.மீ. டயருக்கு 0.20° என்பது சுமார் 2.7 மி.மீ., அது பரவாயில்லை. கேம்பர் ஆக்சிலோடு வந்தது, அதில் திருக எதுவுமில்லை. முன் ஷேக்கிளை (பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) மாற்றியிருக்கிறீர்களா?

கேட்டவர்: ஆமாம், நீளமானது. முந்தைய ஓனரின் கைங்கரியம்.

பதில் 1: அப்போ அதுதான். இந்த வண்டியில் ஷேக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கிறது. அது நீண்டால் ஆக்சிலின் தலை முன்னால் சாயும், கேஸ்டர் குறைந்து மைனஸுக்குப் போய்விடும். பழைய ஷேக்கிளுக்கே திரும்புங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே 3° ஆப்பு ஷிம் (ஒரு முனை தடித்த தகடு) வையுங்கள், தடித்த முனை முன்பக்கம். சென்டர் போல்ட் (ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிப்பது) நீளம் போதுமா என்று பாருங்கள்.

பதில் 2: ஷிம் போட்டால் பினியன் மூக்கு (ஆக்சிலில் புரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே இறங்கும், அந்த ஷாஃப்ட் அதிரலாம். அதற்கு முன் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். நக்கிள் (முன்சக்கரம் திரும்பும் மூட்டு) பேரிங்கில் ஆட்டம் இருந்தால் இந்தத் தாளையே நம்ப முடியாது.

கேட்டவர்: ஆட்டினேன். இடதுபக்கம் ‘டக்’ என்கிறது. சரி, முதலில் பேரிங்.