‘ரெக்ரூட்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி:
மனிதவளப் பிரிவு ஒன்றின் ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கி வருகிறேன். ‘ரெக்ரூட்’, ‘ஹயர்’, ‘அப்பாயின்ட்’ ஆகிய மூன்றும் ஒரே பத்தியில் வருகின்றன. மூன்றுக்கும் ‘பணியமர்த்து’ என்றே எழுதிவிட்டு, மீண்டும் வாசித்தபோது எனக்கே மனம் ஒப்பவில்லை. மேலும், ‘ரெக்ரூட்’ ஓரிடத்தில் பெயர்ச்சொல்லாகவும் வந்துள்ளது. தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இச்சொல்லின் வேரைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ‘வளர்தல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சுக்கு வந்து, அங்கே ‘மீண்டும் வளர்தல்’ என்றாகி, 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்த சொல் இது. போரில் ஆள் குறைந்த படைக்குப் புதியவர்களைச் சேர்ப்பதையே முதலில் குறித்தது. ‘குழு’ என்னும் பொருளில் வழங்கும் ‘க்ரூ’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். இழந்த உடல்வலுவை மீட்பதற்கும் ‘ரெக்ரூட்’ என்று முன்பு எழுதினார்கள் என்பதை நினைத்தால், குறைந்ததை நிரப்புவதே இதன் உயிர்ப்பொருள் என்பது புலப்படும். ஆகவே ‘ஆட்சேர்ப்பு’ மிகப் பொருத்தமான சொல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆளைத் தேடுவது, விண்ணப்பம் பெறுவது, நேர்காணல் நடத்துவது, தெரிவு செய்வது ஆகிய முழு நடைமுறையும் அதில் அடங்கும். ஊதியம் பேசி ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்வது ‘ஹயர்’. குறிப்பிட்ட பதவியில் முறைப்படி அமர்த்துவது ‘அப்பாயின்ட்’. பின்னதற்கு ‘நியமனம்’ என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது.

மறுமொழி 2:
இலக்கணத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். ‘ரெக்ரூட்’ என்னும் வினைக்கு ஆளோ, ஆட்களால் ஆன படை போன்ற குழுவோதான் செயப்படுபொருள். பதவியைச் செயப்படுபொருளாக்கி எழுதுவது பிழை. பதவிக்கு ஆட்களைச் சேர்க்கிறோம், காலியிடத்தை நிரப்புகிறோம். பெயர்ச்சொல்லாக வரும்போது அது புதிதாகச் சேர்ந்தவரைக் குறிக்கும், சேர்ப்பவர் ‘ரெக்ரூட்டர்’. ‘ரெக்கார்ட்’ போன்ற சொற்களில் பெயருக்கும் வினைக்கும் அழுத்தம் இடம் மாறுவதைப் போல இதில் மாறுவதில்லை. இரண்டிலும் பிந்தைய அசைதான் அழுத்தம் பெறும்.

மறுமொழி 3:
துறை மாறினால் சொல்லும் மாற வேண்டும். மீன்வள ஆய்வில் இளம் மீன்கள் வளர்ந்து, பிடிக்கத்தக்க அளவை எட்டி, மீன்தொகையில் சேர்வதையும் இப்பெயரால்தான் அழைக்கிறார்கள். அங்கே ‘ஆட்சேர்ப்பு’ என்று எழுதினால் பொருள் குலைந்துவிடும். ‘புதுவரவு’ என்று எழுதலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. நிறுவனத்துக்குள் இருப்பவரையே வேறு பதவிக்கு எடுப்பதை ‘இன்டர்னல் ரெக்ரூட்மென்ட்’ என்கிறார்கள். ஏற்கெனவே சேர்ந்திருப்பவரை எப்படிச் ‘சேர்ப்பது’?

மறுமொழி 1:
நியாயமான கேள்வி. அங்கே நிறுவனத்தின் ஆள்தொகை கூடுவதில்லை, ஒரு பதவி மட்டுமே நிரம்புகிறது. எனவே ‘ஆட்சேர்ப்பு’ என்பதைத் தவிர்த்து, ‘உள்ளிருந்து தெரிவு செய்தல்’ என்று விரித்தே எழுதுங்கள். சொல் சற்று நீண்டாலும், வாசிக்கும் பணியாளருக்கு ஐயம் எழாது.